லூப்புக்குப் பின்னால் ஃபெர்மின்

ஃபெர்மினின் விலை ஆயிரத்து இருநூறு டாலர். கடலில் தொலைந்து பன்னிரண்டு வருடம் ஆன ஒருவனுக்கு அது அதிகமா குறைவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முட்டைத் தட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் வரைக்கும் ஹவானாவில் எது என்ன விலை போகிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் அப்பா முராயா தெருவில் துணி விற்றவர். அவருடைய அப்பாவும் அதே தெருவில் அதே துணியைக் கூடக் கொஞ்சம் பொய் சேர்த்து விற்றவர். ஆனால் எங்கள் வம்சத்தில் யாரும் ஆளை வாங்கி விற்றதில்லை. அந்தச் சரக்கு எங்களுக்குப் பழக்கமில்லை.

விலை சொன்ன குரல் என் வீட்டு டெலிபோனில்தான் வந்தது. எங்கள் கட்டடத்தில் டெலிபோன் இருப்பது என் ஒருவன் வீட்டில். அதனால் ஊர் உலகத்துப் பிறப்பு, இறப்பு, கல்யாணம், விவாகரத்து எல்லாம் என் கூடத்தைத் தாண்டித்தான் மாடிக்குப் போகும்.

"தோமாசா வீடா?"

"தோமாசா மேல் மாடி. நீ யாருப்பா?"

"அவங்க பையன்."

நான் சிரித்துவிட்டேன். தோமாசாவுக்கு ஒரே பையன். 1994 ஆகஸ்டில் கொஹீமர் கரையிலிருந்து டிராக்டர் டியூபுகளைக் கட்டிய மிதவையில் இரண்டு கூட்டாளிகளோடு அமெரிக்காவுக்குப் புறப்பட்டான். மூன்று பேரில் ஒருத்தனைப் பற்றியும் அதற்கப்புறம் ஒரு தகவல் கிடையாது. சிரித்து முடிப்பதற்குள், தன் பெயர் காதில் விழுந்து, தோமாசா மாடிப்படியில் இறங்கி வந்துவிட்டாள். எழுபத்தாறு வயது, இரண்டு முட்டியும் போனவள், அந்தப் படியில் அவ்வளவு வேகமாக இறங்கியதை நான் பார்த்ததே இல்லை.

"அம்மா, நான்தான்" என்றது போன்.

அவ்வளவுதான். அவளுக்கு அதற்கு மேல் அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. என் கூடத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்துகொண்டு, "ராசா, ராசா" என்று ரிசீவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவன் சொன்ன கதை இது. மீன்பிடிப் படகு ஒன்று அவனை மட்டும் தூக்கியது. மெக்சிகோவில் கரை சேர்ந்து, அங்கே ஏதோ அடிதடியில் மாட்டி, வேறு பெயரில் பல வருடம் ஜெயில். வெட்கத்தில் எழுதவில்லை. வெளியே வந்ததும் எல்லை தாண்டிவிடும் ஆட்கள் கையில் சிக்கிவிட்டான். கான்கூனில் ஒரு வீட்டில் பூட்டி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் வேறெங்கோ கொண்டுபோய்விடுவார்கள். எங்கே என்று அவனும் சொல்லவில்லை, தோமாசாவும் கேட்கவில்லை.

வீட்டில் விற்கிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்று: மகள் மிர்தாவின் பியானோ. குழந்தைகளின் நடனப் பள்ளியில் வாசித்து, வீட்டில் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்து, மிர்தா அந்தப் பியானோவில்தான் சோறு பார்த்தாள். தோமாசா என்னிடம் நேராகவே கேட்டாள்: "எவ்வளவு போகும்?"

"எழுநூறு, நல்ல ஆளா பிடிச்சா எண்ணூறு. ஆனா மிர்தா என்ன சொல்றா?"

மிர்தா சாயங்காலம் வந்தாள். நாற்பது வயது, தம்பியை விட மூன்று வருடம் மூத்தவள். கேட்டதும் அழவும் இல்லை, ஆடவும் இல்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"அவன்தானா, பொலாக்கோ?"

பொலாக்கோ என்றால் போலந்துக்காரன். அந்தக் காலத்தில் அங்கிருந்து வந்தவர்கள் துணி விற்றார்களாம்; துணி வியாபாரி வம்சம் என்பதால் என்னைக் கட்டடமே அப்படித்தான் கூப்பிடும். போலந்தை நான் வரைபடத்தில்கூட சரியாகப் பார்த்ததில்லை.

"என்னை ஏன் கேக்கிற? உன் தம்பிதானே."

"எனக்குக் குரல் மறந்துபோச்சு. அம்மாவுக்கும்தான் மறந்திருக்கும், ஒத்துக்க மாட்டா. எவன் 'அம்மா'ன்னு கூப்பிட்டாலும் பிள்ளைதான் அவளுக்கு." கொஞ்ச நேரம் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "ஆனா எங்கிட்ட அவன் குரல் இருக்கு. பதினோரு செகண்ட். போட்டுப் பார்த்தாத் தெரிஞ்சிடும்."

பழைய ரேடியோ-கேசட்டை ஃபெர்மின் ஒருநாள் சோதித்துப் பார்த்தபோது பதிவானது அது. மிர்தாவுக்கு மனப்பாடம், எனக்கும் ஒப்பித்துக் காட்டினாள். முதலில் ஒரு சிரிப்பு: "ஹா!" பிறகு, "சிவப்பு லைட் எரியுது. ஆனா இது சோவியத் லைட்டு, சும்மாவே எரியும். மிர்தா, காபி இருந்தா எனக்கும் ஒரு வாய் வை, முழுசையும் குடிச்சிடாதே." சொற்கள் அவளுக்குத் தெரியும். சொன்ன தொண்டைதான் நினைவில் இல்லை. கேசட், போன வருடம் கடல் தெருவுக்குள் ஏறியபோது உப்புத் தண்ணீரில் ஊறிப் பிசின் ஆகிவிட்டது. அவள் கம்ப்யூட்டரும் அதே தண்ணீரில் போனது. ஆனால் அதற்கு முன்பே அந்தக் குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தான் இசையமைத்த ஒரு பாட்டுக்குள் ஒளித்து, ஒரு டிஸ்கெட்டில் ஓஸ்னியெலிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

ஓஸ்னியெலைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும், அவனை வைத்து நாலு காசு பார்த்தவன் நான். நான் ஒரு சென்டாவோ காசுக்குப் பேரம் பேசுகிறவன். அவன் பைட்டுக்குப் பேரம் பேசுகிறவன். சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்வான். விளையாட்டுக்குப் பாட்டு வேண்டும். பாட்டை வாசிக்க ஒரு நிரல் வேண்டும். வெளிநாட்டான் செய்தது பெருத்துப்போய் உட்கார்ந்திருந்ததால், யார் வேண்டுமானாலும் தங்கள் நிரலோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி இவனே ஒன்று எழுதினான். ஒன்பது கிலோபைட். பெயர் ஹெஹேன். கடற்கரையில் கொசுவை விடச் சின்னதாக, கண்ணில் படாமல் கடிக்குமே, அந்தப் பூச்சியின் பெயர். ஏன் இந்தச் சிக்கனம் என்றால், எங்கள் ஊரில் விளையாட்டு பரவுவது டிஸ்கெட்டில், இல்லாவிட்டால் அலுவலக மெயிலில். மெயிலில் நூறு கிலோபைட்டைத் தாண்டினால் சர்வர் விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது. அதனால் ஓஸ்னியெல் எதைச் செய்தாலும் அறுபத்து நாலுக்குள் அடக்குவான். 'ஒட்டகம்' என்று ஒரு விளையாட்டு, எங்கள் கூன்முதுகு பஸ்ஸுக்குள் எத்தனை பேரைத் திணிக்கலாம் என்பது. சக்கைப் போடு போட்டது. நானே நூற்றுக்கணக்கில் விற்றேன். அதில் வருவது மிர்தாவின் பாட்டு.

மறுநாள் நானும் மிர்தாவும் அவன் அறையில் நின்றோம். அறை என்றால், அவன் அத்தை வீட்டுக் குளியலறைக்கு மேல் பலகை போட்டுக் கட்டிய பரண். நிமிர்ந்தால் தலை இடிக்கும்.

"உங்க பாட்டா? பத்திரமா இருக்கு, மிர்தா. ஒண்ணுக்கு நாலா காப்பி பண்ணி வெச்சிருக்கேன்" என்று குஷியாகச் சொன்னான்.

"பாட்டு வேண்டாம். ஏழாவது சத்தத்தை மட்டும் தனியா போடு. முழுசா."

இந்த வகைப் பாட்டில் முழுப் பதிவு என்று எதுவும் இருக்காது. கோங்கா மேளம் ஒரு தட்டு, பியானோ ஒரு சுரம், பேஸ் ஒரு மீட்டு என்று துண்டு துண்டாகச் சத்தங்கள் இருக்கும். எதை எப்போது எந்தச் சுருதியில் வாசிப்பது என்று ஒரு குறிப்பு இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஹெஹேன் வாசிக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஓர் இடத்தில் அடையாளம் வைக்கலாம்: இதுவரை வாசி, பிறகு திரும்பிப் போய் மறுபடி வாசி. லூப் என்பார்கள். அந்த அடையாளத்துக்குப் பின்னால் என்ன இருந்தாலும் எந்தப் பிளேயரும் அங்கே போகாது. மிர்தா தம்பியின் சிரிப்பில் முதல் துளியை மட்டும் லூப் ஆக்கித் தாளமாக அடித்திருந்தாள். கேட்டவர்கள் அதை மேளம் என்று நினைத்தார்கள். மீதிச் சிரிப்பும், சோவியத் லைட்டும், காபியும் லூப்புக்குப் பின்னால் கிடந்தன. யாரும் கை வைக்காத இடம் என்று நம்பி அவள் அங்கே வைத்தாள்.

ஓஸ்னியெல் போட்டான். "ஹா ஹா ஹா ஹா" என்று மேளம் அடித்தது.

"லூப்பை எடுத்துட்டுப் போடு."

"ஹா" என்றது. நின்றது.

"முழுசா போடு, ஓஸ்னியெல்."

"இதுதான் முழுசு." அவனுக்கு இன்னும் புரியவில்லை. "பின்னாடி ஒரு பெரிய வால் இருந்துச்சு, எந்தப் பிளேயரும் வாசிக்காதது. அது இருந்தா விளையாட்டு அறுபத்து நாலுக்குள்ள அடங்கவே அடங்காது. வெட்டிட்டேன். காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, நீங்களே கேளுங்க."

மிர்தா கேட்கவில்லை. குனிந்த தலையோடு பரண் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த மூணு காப்பி?" என்றேன் நான்.

"வெட்டினதைத்தான் காப்பி பண்ணேன். குப்பையை எவனாவது நாலு தடவை காப்பி பண்ணுவானா?"

"அவ குடுத்த டிஸ்கெட்?"

அவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவன் முகம் மாற ஆரம்பித்தது. அந்த டிஸ்கெட்டை அழித்து, 'ஒட்டகம்' ஏற்றி, முதல் ஆளாக என்னிடம்தான் தந்திருந்தான். அது இப்போது எந்த வீட்டில் எந்த விளையாட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறதோ. எங்கள் ஊரில் டிஸ்கெட்டைச் சும்மா வைத்திருப்பவன் இல்லை. காலி டிஸ்கெட் என்பது பூட்டிக் கிடக்கிற வீடு மாதிரி, யாராவது குடியேறிவிடுவார்கள்.

"அது என்ன சத்தம், மிர்தா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் சொன்னாள்.

புதன்கிழமை போன் வந்தது. பேரத்துக்கு என்னை உட்கார வைத்திருந்தாள் மிர்தா. பக்கத்தில் ஓஸ்னியெல், ரிசீவரைத் திறந்து ஒரு வயரைக் கடிக்கவிட்டு, மறுமுனையை எங்கிருந்தோ தூக்கி வந்த கம்ப்யூட்டரில் செருகியிருந்தான், பேச்சு எல்லாருக்கும் கேட்கும்படி.

"ஆயிரத்து இருநூறு கிடையாது" என்றேன். "நானூறு."

"நானூறா? ஐயா, இவங்க என்னைக் கொன்னுடுவாங்க."

"அவங்கள்ல ஒருத்தனைப் பேசச் சொல்லு."

"பேச மாட்டாங்க. எண்ணூறு."

"அஞ்சு."

"ஏழு. அதுக்குக் கீழ முடியாது, சத்தியமா."

இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறவன் கையில் சரக்கு இருக்காது. இது நான் தொட்டிலில் கற்றது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அதைத்தான் சொன்னேன்.

தோமாசா என் மேல் பாய்ந்தாள். "இறங்கிட்டான்னா பொய்யனா? என் பிள்ளைக்கு எப்பவுமே பேரம் பேச வராது. மாம்பழம் வாங்கப் போனா கேட்ட காசைக் குடுத்துட்டு வருவான், கூடவே விக்கிறவனுக்கு சிகரெட்டும் குடுப்பான். நீ பேசாதே, துணிக்கடைக்காரா."

சரிதான். பயந்துபோனவனும் அப்படித்தான் இறங்குவான். தன்னையே விற்கிறவன் விலையில் கெட்டியாக நிற்பான் என்று எந்தக் கடையில் எழுதியிருக்கிறது?

மிர்தா ரிசீவரை வாங்கினாள்.

"நாய் பேரு என்ன?"

"பன்னண்டு வருஷம் கழிச்சு நாயைப் பத்திக் கேக்கிறியே, மிர்தா."

"சரி, விடு. ஒரு தடவை சிரி."

"என்னது?"

"சிரி. சும்மா, ஒரு 'ஹா'."

"எனக்கு முன்பல்லு ரெண்டு இல்ல. இவங்க உடைச்சிட்டாங்க. என்னைப் போய் சிரிக்கச் சொல்றியா?"

"சிரி, தம்பி."

சிரித்தான். அதைச் சிரிப்பு என்று சொல்வது மரியாதைக்கு. அடுத்த அறையில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அடக்கின மாதிரி இருந்தது. அல்லது அப்படி அடக்கத் தெரிந்தவன் மாதிரி. தோமாசா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"சனிக்கிழமை காலையில கூப்பிடு" என்றாள் மிர்தா. "யார்கிட்ட பணத்தைக் குடுக்கணும்னு அப்ப சொல்லு."

போனை வைத்ததும் ஓஸ்னியெல் இரண்டு சத்தங்களையும் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தான். பழைய 'ஹா' மேலே, புதியது கீழே. இரண்டும் ஒரே மாதிரி மூன்று மேடு, ஒரு பள்ளம்.

"பொருந்துது" என்றேன்.

"பொருந்துது." அவன் குரலில் சந்தோஷம் இல்லை. மைக்கை எடுத்துத் தானே ஒரு 'ஹா' சொன்னான். அதையும் கீழே வைத்தான். மூன்று மேடு, ஒரு பள்ளம். "பொலாக்கோ, நீ ஒண்ணு சொல்லு."

சொன்னேன். என்னுடையதும் பொருந்தியது.

"இத்தனூண்டு துண்டுல ஆள் அடையாளமே மிஞ்சாது, மிர்தா. லூப்புக்காக இதை நீங்க வழவழன்னு இழைச்சிருக்கீங்க, அதுக்கு மேல நான் இன்னும் இழைச்சேன். உலகத்துல எந்த ஆம்பளை சிரிச்சாலும் இது பொருந்தும். அந்த மீதி இருந்திருந்தா..."

"தெரியும்" என்றாள்.

அவன் வேலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அழித்த கோப்பின் துணுக்குகள் ஹார்ட் டிஸ்கின் மூலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று துளி துளியாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் அத்தை குளிக்கப் போகும்போதெல்லாம் மேலிருந்து ஓர் இரைச்சல் கேட்கும், "இதுவா? இதுவா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வான் என்று சொன்னாள். நானும் சும்மா இருக்கவில்லை. டிஸ்கெட் வாங்கிய வீடுகளை ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் ஒட்டகம் இருந்தது. எல்லா ஒட்டகத்திலும் ஃபெர்மின் "ஹா ஹா" என்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மிர்தா என் கதவைத் தட்டினாள்.

"பியானோவுக்கு ஆள் இருக்கா?"

"எழுநூறுக்கு ஒருத்தன் இருக்கான். ஆனா நீ நம்பறியா?"

"நம்பலை."

"அப்புறம் எதுக்கு?"

"அவன் இல்லைன்னா ஒரு பியானோ போகும். அவனா இருந்து நான் குடுக்கலைன்னா?" செருப்பால் என் வாசற்படியைத் தேய்த்தாள். "நீதான் வியாபாரி. கணக்குப் போட்டுச் சொல்லு, எது நஷ்டம்?"

நான் போட்டுச் சொல்லவில்லை. ஆளை வரச் சொன்னேன். பியானோ படியில் இறங்காது என்று பால்கனிக் கம்பியை அறுத்து, கயிறு கட்டித் தெருவுக்கு இறக்கினார்கள். தெருவே அண்ணாந்து பார்த்தது. "மிர்தா, மாப்பிள்ளையை இப்படித் தூக்கிப் போடுறியே!" என்று கீழே ஒருத்தன் கத்தினான். அவளும் சிரித்தாள். பணம் என் மேசை டிராயரில் உட்கார்ந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் தோமாசா வந்து போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். மத்தியானம் வரை யாரையும் போனைத் தொட விடவில்லை. ஒருமுறை அடித்தது, மூன்றாம் மாடிக்காரியின் மச்சினிச்சி சாந்தா கிளாராவிலிருந்து. தோமாசா அவளைத் திட்டி வைத்தாள். சாயங்காலம் ரிசீவரை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள். இருந்தது. மறுபடி வைத்தாள்.

அந்தக் குரல் அப்புறம் வரவே இல்லை. சிரிக்கச் சொன்னதும் உஷாராகி ஓடிப்போன ஏமாற்றுக்காரனா, சொன்னபடியே வேறெங்கோ கொண்டுபோகப்பட்ட ஃபெர்மினா? என்னிடம் யாராவது கேட்டால் ஏமாற்றுக்காரன் என்றுதான் சொல்வேன், கெட்டியாகச் சொல்வேன். தோமாசாவின் முகத்தைப் பார்த்து மட்டும் சொன்னதில்லை. அவள் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "புதன்கிழமையே குடுத்திருக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அதுவும் என்னிடம், மிர்தாவுக்குக் கேட்கும்படி.

பியானோ வாங்கியவன் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் பெண்ணுக்குக் கல்யாணப் பரிசாகப் போய்விட்டது.

ஓஸ்னியெல் தாடியோடு வந்தது அதற்கப்புறம். மிர்தா வீட்டில் பியானோ இருந்த இடத்தில், தரையில் வெளிறின நாலு புள்ளிகளுக்கு நடுவே, கம்ப்யூட்டரை வைத்தான். கிடைத்தது ஏழு துணுக்கு. ஒவ்வொன்றும் கண் இமைக்கிற நேரம்கூட வராது. எது முன்னால் எது பின்னால் என்றும் தெரியாது. ஒட்டவைத்துப் போட்டான். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றது.

"இது 'காபி'யில ஒரு துண்டா இருக்கலாம்" என்றான். "இல்ல, 'லைட்'டுல."

"வெட்டுறப்ப உன் நிரல் கணக்குக் காட்டியிருக்குமே" என்றாள் மிர்தா. "அதைச் சொல்லு."

"எதுக்கு, மிர்தா?"

"சொல்லு. எனக்கு எவ்வளவு வரணும்னு தெரிஞ்சுக்கணும்."

எண்களை அவன் ஒவ்வொன்றாகத் துப்ப, கழித்துச் சொன்னவன் நான்தான், அந்த வேலைக்குத்தான் நான் பிறந்திருக்கிறேன். ஃபெர்மின் மொத்தம் எண்பத்தெட்டாயிரம் பைட். லூப்பில் தங்கியது ஆயிரத்து அறுநூறு. வெட்டியது எண்பத்தாறாயிரத்து நானூறு. அதில் திரும்பி வந்தது மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்து நாலு. ஓஸ்னியெல் மிர்தாவுக்குத் தர வேண்டிய பாக்கி, எண்பத்திரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு.